கண்டிச் சீமையும் கங்கைச் சீமையும்

(முக்கூடலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

முக்கூடற்பள்ளின் நாயகன் வடிவழகக் குடும்பனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடல்காரி, பெருமாளைக் கும்பிடுகிறவள். இளையவள் மருதூரிலிருந்து வந்தவள், சிவனைக் கும்பிடுகிறவள். இருவரும் மல்லுக்கு நிற்கும்போது தத்தம் நாட்டு வளத்தைத்தான் எடுத்து வீசுகிறார்கள். ஒருத்திக்கு ஆசூர் வடகரை நாடு; மற்றவளுக்குச் சீவலமங்கைத் தென்கரை நாடு. நடுவில் ஓடுவது ஒரே ஆறு, தாமிரபரணி. அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தவளே வெளியூர்க்காரியாகி, 'இங்கே உனக்கென்ன உரிமை' என்ற கேள்வியை வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

பள்ளு பாடும் முக்கூடல் இன்றைய முக்கூடல்தானா என்பதில் வழக்கு உண்டு. சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரியைத்தான் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். முக்கூடலிலேயே மேடை போட்டு அந்த வழக்கை எடுப்பது விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் குறை சொல்வதுபோல ஆகும். அதை விட்டுவிடலாம்.

இந்த முக்கூடலைத் தமிழ்நாட்டின் பெட்டிக்கடைகள் எல்லாம் அறிந்திருப்பது பீடியால். சொக்கலால் ராம்சேட் என்ற பெயரைக் கேட்டவர்கள் வடக்கத்திக் கம்பெனி என்றே நினைப்பார்கள், ஊரோ முக்கூடல். பீடி சுற்றும் வீடுகளில் காட்சி இன்னும் அதுதான். திண்ணையில் கால் நீட்டிய பெண், மடியில் சுளகு, ஈரத்துணியில் பொதிந்த இலை. அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைக் கிள்ளி வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி முடிக்க எண்ணிச் சில நொடிகள். அந்த இலை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளில் கோடையில் பழங்குடி மக்கள் பறித்துக் கட்டிய தெண்டு இலை, மூட்டையாக ரயிலேறி வருகிறது. ஒடிசாவின் இலை இந்தத் திண்ணைகளுக்கு வந்து பல தலைமுறை ஆயிற்று. ஒடிசாவின் ஆள் வந்தது பிந்தித்தான்.

காலை ஆறரை மணி, தேநீர்க்கடை. உள்ளே ஒரு பையன் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறான். பீடிக்கட்டைத் துணியில் முடிந்து இடுக்கிக்கொண்டு பீடிக்கடைக்குப் போகும் மூதாட்டி ஒருத்தி, "எய்யா, ஊர்ல அம்மைக்குச் சொகந்தானா?" என்று கேட்கிறாள். "நல்லாருக்கு ஆச்சி" என்கிறான். ஆச்சி என்ற சொல்லை எங்கே பிடித்தானோ. முதலாளி அவனைப் 'பையா' என்கிறார். கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனின் கைப்பேசியில் அந்த நேரத்தில் ஓடுகிற கேலிப் படத்தில் அவன் பெயர் 'வடக்கன்'. அந்த ஆச்சியும் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் தென்கரையில், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

எத்தனை பேர் வரலாம், ஒரு மண் எத்தனை பேரைத் தாங்கும் என்று இன்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடக்கும் வாதத்தை, திருநெல்வேலிச் சீமை வேறொரு பக்கத்திலிருந்து அறியும். எண்ணியவர்களின் பக்கத்திலிருந்து அல்ல, எண்ணப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து.

'கண்டிச் சீமைக்குப் போறேன்' என்று 19ஆம் நூற்றாண்டில் தமிழ் மாவட்டங்களிலிருந்து கிளம்பியவர்களில் இந்தச் சீமைக்காரர்களும் உண்டு. முதலில் கோப்பித் தோட்டம். இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை. ஊருக்கு வந்து ஆள் திரட்டியவன் கங்காணி. அவன் கொடுத்த முன்பணம் கடனாகி ஆளின் தலையில் ஏறும். கடன்தொகை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் துண்டோடுதான் ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு வந்தது: கையகலம்கூட இல்லாத தகடு, அதில் தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் சேரும். மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, குளிக்கவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பல். இத்தனை சிரத்தையாக எண் போட்டு அழைத்துப் போன ஆட்களைப் பார்த்துத்தான் பின்னால் 'எண்ணிக்கை மிஞ்சிவிட்டது' என்றார்கள்.

எப்போது மிஞ்சியது? மலையில் கொழுந்து பறிக்க ஆள் தேவைப்பட்ட வரையில் யாருக்கும் மிஞ்சவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்று கொண்டுவந்ததும் பேச்சு மாறியது. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியது. ஜூலையில் நேரு கொழும்புக்குப் போய்ப் பேசிப் பார்த்தார், பலன் இல்லை. ஆகஸ்ட் 1 முதல் இந்தியா தன் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. 1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் 7,80,589 பேர். நூற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சில இடங்களை வென்றது. அதற்கும் அடுத்த ஆண்டு, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இந்த வரிசையைத் தேதிவாரியாக அடுக்கினாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

பிறகு நடந்தது பங்கீடு. 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியும் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது: 75,000, 75,000. பொழுது சாயும் நேரத்துச் சந்தையில் மிஞ்சிய கத்தரிக்காயை இரண்டு கூறாக்கித் தள்ளுவதுபோல.

ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது கணக்கு. இந்த ஏழுக்கு நாலு எங்கிருந்து வந்தது? இலங்கையின் நெல் விளைச்சலிலிருந்து வரவில்லை. நுவரெலியாவின் மழையளவிலிருந்து வரவில்லை. ஒரு மலைச்சரிவு எத்தனை லயன் வீடுகளைத் தாங்கும் என்று யாரும் அளந்து பார்த்ததன் விளைவும் அல்ல. இரண்டு தலைநகரங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்ற பேரத்தின் முடிவு அது. பங்கிடப்பட்டவர்களில் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. இந்தியாவுக்கு வருகிறோம் என்று விண்ணப்பம் போட்டவர்கள் 5,25,000 என்ற எண்ணிக்கையை எட்டவே இல்லை.

வந்தவர்களை மலையகத்திலிருந்து இறக்கிய ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரத்தில் கரை, மறுபடியும் அதே மண்டபம் முகாம். தாத்தாவை எண் போட்டு அனுப்பிய இடத்தில் பேரனுக்கு எண் போட்டு அட்டை கொடுத்தார்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. பின்னாளில் அது 'டான்டீ' ஆயிற்று. கடன் கொடுக்க 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. பூர்விக நாடு என்று சொல்லி அனுப்பப்பட்ட இடத்தில் அக்கம்பக்கம் அவர்களுக்கு வைத்த பெயர் 'சிலோன்காரன்'.

திருநெல்வேலியின் இன்னொரு கிளை கிழக்கே போனது. இப்போது தென்காசி மாவட்டத்திலுள்ள கடையநல்லூரின் நெசவாளர் குடும்பங்கள் சிங்கப்பூருக்குப் போய்த் தஞ்சோங் பகாரில் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறின. பெண்களும் கூடவே போனது அந்தக் காலத்து இந்தியக் குடியேற்றத்தில் அபூர்வம். மசாலா அரைத்தும் பலகாரம் சுட்டும் விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. இப்படி வந்தவர்களால் எழுந்த ஊரில், 2013 ஜனவரியில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2030இல் மக்கள்தொகை 65 முதல் 69 லட்சம் வரை ஆகலாம் என்றது. அடுத்த மாதமே ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதுவும் போராட்டமே அரிதான நாட்டில். ரயிலில் நிற்க இடமில்லை, வீட்டு விலை எட்டவில்லை என்பது அவர்கள் புகார். பத்தாண்டு கழித்து, 2023இல், அந்த நாட்டின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைக்கும் கீழே, 0.97க்கு இறங்கிவிட்டது. வருகிறவர்கள் வேண்டாம் என்றால் கப்பலில் சரக்கு ஏற்ற யார் என்பது இன்னும் தீராத வாதம்.

சிங்கப்பூர்க்காரர்களின் புகாரில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். வீடும் ரயிலும் அளக்கக்கூடியவை. கனடாவும் 2024 அக்டோபரில், 2025க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 5,00,000லிருந்து 3,95,000ஆகக் குறைத்தபோது வீட்டு நெருக்கடியைத்தான் காரணமாகச் சொன்னது. பம்பாயில் 1966 ஜூனில் சிவசேனை தொடங்கியபோது அந்த அளவுக்கு மெனக்கெடவில்லை. தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளிலும் மில்களிலும் ஓட்டல்களிலும் இருந்த திருநெல்வேலிக்காரன் உட்பட, தெற்கிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் லுங்கியை வைத்து ஒரு கோஷம் போதுமானதாக இருந்தது.

இனி எதிர்த்திசை: இங்கிருந்து போனவர்களை விட்டு, இங்கே வருகிறவர்கள். அதற்கு முன் இங்கே பிறக்கிறவர்களின் கணக்கு.

1951 கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி தமிழர், பின்னாளில் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர். மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதற்கு அவர் தம் அறிக்கையில் 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பொருள்படும் ஒரு பெயர் சூட்டினார். கேட்கக் கடுமையான பெயர். ஆண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கருத்தடைக்கு ஊக்கத்தொகை கொடுத்து முன்னால் ஓடிய மாநிலங்களில் சென்னையும் ஒன்று. சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் வந்தது. 'நாமிருவர் நமக்கிருவர்' வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அதைவிட வலுவாக வேலை செய்தவை வேறு என்று தோன்றுகிறது: மதிய உணவு போட்ட பள்ளிக்கூடம், பேருந்து, சுளகில் சுற்றிய பீடிக்குச் சொந்தக் கையில் வந்த கூலி. 1998–99 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2.2, 2005–06இல் 1.8. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020இல் 1.4. மக்கள்தொகை குறையாமல் நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும். 2019–21 ஆய்வில் பீகார் 3.0இல் இருந்தது.

2021இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள், 2031இல் 18.2 என்பது அரசின் மதிப்பீடு. இந்த நேரத்தில்தான் 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஒரு திருமண மேடையில் பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்ற தொனியில் பேசினார். பாதி விளையாட்டு, பாதி தொகுதிக் கணக்கு. கணக்குக்குப் பழைய வடு உண்டு: 1962இல் 41ஆக இருந்த இந்த மாநிலத்தின் மக்களவை இடங்கள், 1967 தேர்தலில் 39 ஆயின. 1976லும் 2001லும் இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கில் உறையவைத்ததால், மாநிலங்களுக்கு இடங்களை மறுபடி பங்கிடும் பேச்சு தள்ளிப்போனது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்ததற்குத் தண்டனையா என்ற கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் பிள்ளை பெறுவதுதான் என்றால், அதுவும் ஏழுக்கு நாலு வகைக் கணக்கில்தான் போய்ச் சேரும். நாற்காலிக்காகப் பிறக்கும் பிள்ளையை வளர்க்கப்போவது பீடி சுற்றுகிறவளின் மகள். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் அவளை யாரும் கேட்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை 2015இல் எடுத்த கணக்கில் 10,67,000 என்று வந்தது. இந்த மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையக் கட்டுமானம், செங்கல் சூளை, ஓட்டல், ஆலை என எங்கும் அவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்திலிருந்து குழுவாக வந்து நாற்று நடுகிறவர்களைத் தமிழ்நாட்டு வயல்களில் இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வரப்பிலேயே சோறு பொங்கி, நட்டு முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. ஹோலிக்காக ஊருக்கு ரயிலேறியவர்களின் கூட்டத்தைக் காட்டி, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்துப் போனார்கள். முதலமைச்சர் இதே மாவட்டத்துக் காவல்கிணற்றில் ஒரு கையுறை ஆலைக்கு நேரில் போய் வடமாநிலத் தொழிலாளர்களோடு பேசினார். வதந்தி கிளம்பிய பிறகு சூளைக்காரர்கள் முதல் ஆலை அதிபர்கள் வரை பதறியது ஒரே விஷயத்துக்கு: இவர்கள் போய்விட்டால்? வந்தவர்கள் மிஞ்சிவிட்டார்கள் என்ற பேச்சு அந்த வாரம் எங்கும் கேட்கவில்லை.

உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் குறை உண்டு. அதை இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளுவது வசதியானவர்களின் வழக்கம். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது ஒப்பந்தக்காரர் உள்ளூர் ஆளைக் கூப்பிடுவதை நிறுத்துகிறார். ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குக் குறையாத கூலியை வெளிமாநில ஆளுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே சொன்னது. அதை ஒழுங்காகக் கேட்டு வாங்கியிருந்தால், வந்த தலைகளை எண்ணும் வேலை பாதி குறைந்திருக்கும்.

தாங்குதிறன் என்று பேசுவதானால் ஆற்றைத்தான் பேச வேண்டும். தாமிரபரணி அளவுள்ள ஆறு. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. நேரடிப் பாசனம் 86,107 ஏக்கர். திருநெல்வேலி, தூத்துக்குடிக் குடிநீர் போக, விருதுநகர் மாவட்டத்துக்கும் குழாய் போகிறது. இதில் வந்தவர்களின் பங்கு எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு அளவுகோல். கொட்டகையில் எட்டுப் பேர் சேர்ந்து கிடக்கும் தொழிலாளிக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது; இருந்தும் முழுதாகவே வைப்போம். ஆண்டுக்கு ஏறக்குறைய 49,000 லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு மழையும் பாய்ச்சலுமாக 1,200 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் சுமார் 48 லட்சம் லிட்டர். ஆக, ஓர் ஏக்கர் பிசான நெல் குடிக்கும் நீர் நூறு பேரின் ஓராண்டுத் தண்ணீர். அந்த ஓர் ஏக்கரை நட்டதே அந்த நூறு பேரில் சிலர்தான்.

இன்னொன்று. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் என்று ஒரு திட்டம்; விவசாயிகள் எதிர்த்து வழக்காடியது. ஏறக்குறைய 9 கோடி லிட்டர். 135ஆல் வகுத்தால் ஆறரை லட்சம் பேருக்கு மேல் வருகிறது. தமிழ்நாடு முழுதும் 2015இல் எண்ணிய வெளிமாநிலத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல்! ஒரே குழாய். திருநெல்வேலி நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. அது பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களின் சாக்கடை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் படிந்த மணலும் வண்டலும் கங்கைச் சீமையிலிருந்து யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படையாகக் கொள்ளும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2011இல் எடுத்தபோது நாட்டில் 45 கோடிப் பேருக்கு மேல் 'இடம்பெயர்ந்தோர்' கணக்கில் வந்தார்கள். எண்ணிக்கையைக் கேட்டு மலைப்பவர்களுக்குக் காரணம் என்னும் பத்தியைப் பார்த்தால் மலைப்பு குறையும்; அதில் முதலிடம் திருமணத்துக்கு. கணக்கெடுப்பாளர் கேட்பது எளிய கேள்விகள்: பிறந்த இடம் எது, இதற்குமுன் இருந்த இடம் எது, ஏன் வந்தீர், வந்து எத்தனை ஆண்டு.

தேநீர்க்கடைப் பையனுக்கு அவர் எழுதப்போவது: ஒடிசா, வேலை, சில ஆண்டு. எதிர்வீட்டுத் திண்ணையில் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு ஆச்சி பதில் சொல்வாள்: சேரன்மகாதேவிப் பக்கம், கல்யாணம், ஐம்பது வருசம். இரண்டு பெயரும் ஒரே பட்டியலில் ஏறும். மருதூர்க்காரி இருந்திருந்தால் அவளும் அதில்தான்.